இருகூர் வால்வுச் சத்திரசிகிச்சையும் அதன் பிற்காலச் சிக்கல்களும் – ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் 'முதன்மைகளின்' வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு சத்திரசிகிச்சையை முதன்முதலிற் செய்தவர் யார், எந்த நாளிற் செய்தார், எந்த வைத்தியசாலையிற் செய்தார் என்பனவே அத்தகைய நூல்களிற் சிறப்பிடம் பெறுகின்றன. சத்திரசிகிச்சைக் கூடத்தின் கதவு மூடப்படுவதோடு கதையும் முடிந்துவிடுகின்றது. அக்கூடத்திலிருந்து உயிரோடு வெளியேறிய நோயாளர் ஐந்து ஆண்டின் பின் எந்நிலையில் இருந்தார், பதினைந்து ஆண்டின் பின் எவ்வாறு இறந்தார் என்னும் வினாக்கள் அடிக்குறிப்புக்களில் ஒதுங்கிவிடுகின்றன. அரசியல் வரலாற்றிலே போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் மட்டும் கூறிக் குடிமக்களின் வாழ்வைக் கூறாது விடுவதற்கு இது ஒப்பானது.

இதய வால்வுகளைத் திருத்தும் சத்திரசிகிச்சையின் வரலாற்றை இப்பின்விளைவுகளின் வழியே நோக்குமிடத்து வேறொரு காட்சி புலனாகின்றது. ஒரு காலகட்டத்தின் 'வெற்றி' என்பது அக்காலகட்டம் எவ்வளவு காலம் காத்திருந்து கணக்கெடுத்தது என்பதைப் பொறுத்தே அமைந்துள்ளது. பிற்காலச் சிக்கல்கள் ஒவ்வொன்றும் முன்னைய முறையின் குறையை வெளிப்படுத்தி அடுத்த முறைக்கு வழிகோலியுள்ளன. சிலவேளைகளில் அவை தவறாகப் பொருள்கொள்ளப்பட்டுப் பல ஆண்டுகள் ஆராய்ச்சியாளரைத் திசைதிருப்பியும் உள்ளன. இவற்றை இருகூர் வால்வைச் சிறப்பாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயும் அதன் தோற்றுவாயும்

இதயத்தின் இடது சோணையறைக்கும் இடது இதயவறைக்கும் இடையே அமைந்துள்ளது இருகூர் வால்வு. இரண்டு மென்மையான மடல்களையும், அவற்றை இதயவறைத் தசையோடு பிணைக்கும் நாண்களையும், மடல்கள் பொருந்தியுள்ள வளையத்தையும் கொண்டது இது. சுவாசப்பையிலிருந்து ஒட்சிசன் பெற்று வரும் குருதி இதனூடாகவே இதயவறையை அடைகின்றது. இதயவறை சுருங்கும்போது மடல்கள் ஒன்றோடொன்று பொருந்தி மூடிக்கொள்வதனாற் குருதி பின்னோக்கிப் பாய்வது தடுக்கப்படுகின்றது.

இவ்வால்வு இரு வழிகளிற் பழுதடையலாம். மடல்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தடித்து வாயில் சுருங்குவது ஒடுக்கம் எனப்படும். மடல்கள் முற்றாக மூடாது குருதி பின்னோக்கி ஒழுகுவது பின்னொழுக்கு எனப்படும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை உலகெங்கும் இவ்விரண்டுக்கும் முதன்மைக் காரணமாக விளங்கியது வாதக் காய்ச்சலாகும். தொண்டையில் ஸ்ரெப்ரோகொக்கஸ் பற்றீரியாத் தொற்று ஏற்பட்ட பிள்ளைகள் சிலரின் உடல், அதனை எதிர்க்க உருவாக்கிய ஆற்றலாலே தன் சொந்த இதயத்தையே தாக்கிக்கொள்ளும் நோய் அது. நெருக்கமான குடியிருப்பு, வறுமை, மருத்துவ வசதியின்மை ஆகியவற்றோடு அது கொண்டிருந்த தொடர்பு நன்கு அறியப்பட்டதாகும். வால்வு நோயின் வரலாறு தொடக்கத்திலிருந்தே சமூக வரலாற்றின் ஒரு பகுதியாகவும் உள்ளது என்பதற்கு இதுவே சான்றாகும்.

தொடக்க முயற்சிகள் (1902–1929)

ஒடுங்கிய வால்வைச் சத்திரசிகிச்சையால் விரிக்கலாம் என்னும் கருத்தை 1902ஆம் ஆண்டில் லண்டன் வைத்தியர் சேர் லோடர் பிரன்ரன் வெளியிட்டார். அவர் சத்திரசிகிச்சை நிபுணரல்லர். பிரேதங்களிலும் விலங்குகளிலும் செய்து பார்த்தவற்றைக் கொண்டு இக்கருத்தை முன்வைத்த அவர், சகமருத்துவரின் கடுங் கண்டனத்துக்கு ஆளானார். இதயத்தைக் கத்தியால் தீண்டலாகாது என்பது அக்காலத்து மருத்துவ ஒழுக்கத்தின் ஓர் அம்சமாகவே இருந்தது.

இருபத்தோராண்டுகளின் பின் 1923ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பொஸ்ரன் நகரிலே எலியற் கற்லர் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், இதயநோய் வைத்தியர் சாமுவேல் லெவினின் துணையோடு, மரணத்தறுவாயிலிருந்த ஒரு சிறுமியின் இதயவறைச் சுவரினூடாகக் கத்தியைச் செலுத்தி வால்வின் ஒடுக்கத்தை வெட்டினார். அச்சிறுமி பிழைத்து நான்கரை ஆண்டுகள் வாழ்ந்தாள். இந்நிகழ்ச்சி பெரும் நம்பிக்கையைத் தோற்றுவித்தது. ஆயின் கற்லர் அதன்பின் கையாண்ட கருவி மடலின் ஒரு துண்டையே வெட்டி அகற்றுவதாக அமைந்தது. ஒடுக்கம் நீங்கிய இடத்திலே கடும் பின்னொழுக்கு உண்டாயிற்று. அடுத்தடுத்த நோயாளர் யாவரும் மிகக் குறுகிய காலத்துள் இறந்தனர். 1929ஆம் ஆண்டில் கற்லரும் குளோட் பெக்கும் தமது இறுதி அறிக்கையை வெளியிட்டு இம்முயற்சியைக் கைவிட்டனர். அடைத்த கதவைத் திறப்பதற்குக் கதவையே பெயர்த்தெடுத்தால் வீட்டுக்குப் பாதுகாப்பில்லை என்னும் எளிய உண்மை பெரும் விலைகொடுத்துக் கற்கப்பட்டது.

இதற்கிடையில் 1925ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் லண்டனில் ஹென்றி சூற்றர் முற்றிலும் வேறான வழியைக் கையாண்டார். இடது சோணையறையின் காதுபோன்ற புடைப்பினூடாகத் தமது சுட்டுவிரலை இதயத்தினுள் செலுத்தி வால்வை நேரே தொட்டுணர்ந்தார். பின்னொழுக்கும் கணிசமாக இருப்பதை விரலால் உணர்ந்த அவர், வெட்டுவதைத் தவிர்த்து விரலாலேயே வாயிலை விரித்தார். நோயாளியான இளம் பெண் குணமடைந்து வீடு திரும்பினாள். பின்னாளில் வெற்றிபெறவிருந்த முறை இதுவே. எனினும் சூற்றருக்கு இரண்டாவது நோயாளியை அனுப்ப எந்த வைத்தியரும் முன்வரவில்லை. இதை அவரே 1961ஆம் ஆண்டில் டுவைற் ஹார்க்கனுக்கு எழுதிய கடிதத்தில் விளக்கியுள்ளார்.

சூற்றரின் நோயாளி பிழைத்திருக்கவும் அம்முறை ஏன் கைவிடப்பட்டது? அக்காலத்து இதயநோய் வைத்தியரிடையே, சேர் ஜேம்ஸ் மக்கென்சியின் செல்வாக்கினால், இதயம் செயலிழப்பதற்கு வால்வின் பழுதன்று, தசையின் நலிவே காரணம் என்னும் கொள்கை மேலோங்கியிருந்தது. தசையே காரணமாயின் வால்வை விரித்துப் பயனில்லை. ஒரு கொள்கை ஆட்சி செலுத்தும் காலத்தில் அதற்கு மாறான சான்று கண்முன்னே நடமாடினும் சான்றாக ஏற்கப்படுவதில்லை என்பதற்குச் சூற்றரின் நோயாளி ஓர் எடுத்துக்காட்டாவாள்.

1948ஆம் ஆண்டும் அதன் பின்னும்

இரண்டாம் உலக யுத்தம் இந்நிலையை மாற்றிற்று. இங்கிலாந்திலிருந்த அமெரிக்க இராணுவ வைத்தியசாலையொன்றிலே டுவைற் ஹார்க்கன் போர்வீரரின் இதயத்திலும் அதனைச் சூழ்ந்த பெருங் குருதிக்குழாய்களிலும் தங்கியிருந்த 134 உலோகத் துண்டுகளை ஒரு மரணமுமின்றி அகற்றினார். இதயம் தீண்டத்தகாதது என்னும் நம்பிக்கை தகர்ந்தது.

1948ஆம் ஆண்டு யூன் மாதம் 10ஆம் நாள் பிலடெல்பியா நகரிலே சார்ள்ஸ் பெய்லி இருகூர் வால்வின் ஒட்டிய ஓரங்களைப் பிரித்து முதல் நிலையான வெற்றியைக் கண்டார். அதற்கு முன் அவருடைய நோயாளர் நால்வர் இறந்திருந்தனர். நான்காமவர் இறந்தது அதே நாட் காலையில், அதே நகரின் வேறொரு வைத்தியசாலையிலாகும். ஆறு நாட்களின் பின் பொஸ்ரனில் ஹார்க்கனும், அவ்வாண்டு செப்ரெம்பரில் லண்டனில் ரசல் புறொக்கும் இதே வெற்றியை அடைந்தனர். மூவரும் தத்தம் முறைக்கு வெவ்வேறு பெயர் சூட்டியபோதிலும் அடிப்படை ஒன்றே. துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தினுள், கண்ணாற் காணாது, விரலையும் சிறு கத்தியையும் கொண்டு, மடலை வெட்டாமல் மடல்கள் ஒட்டியிருந்த வரம்பை மட்டும் பிரிப்பதே அது. 1950களில் எடின்பரோவின் அன்றூ லோகன், லண்டனின் ஒஸ்வல்ட் ரப்ஸ் முதலியோர் இதயவறையின் நுனிவழியே செலுத்தும் விரிகருவியைச் செம்மைப்படுத்தியமை இம்முறைக்கு மேலும் உறுதியளித்தது.

ஆண்டுக்கணக்காக மூச்சுத் திணறிக் கட்டிலில் அமர்ந்தே உறங்கிய இளம் பெண்கள் சில வாரங்களிற் படியேறத் தொடங்கினர். 1950களின் முற்பகுதியில் வெளியான அறிக்கைகள் இம்மகிழ்ச்சியையே எதிரொலித்தன. ஆயின் அவ்வறிக்கைகளின் கணக்குப் பெரும்பாலும் மாதங்களையும் ஓரிரு ஆண்டுகளையும் மட்டுமே உள்ளடக்கியிருந்தது.

ஒரு தவறான விளக்கத்தின் வரலாறு

முதலில் தோன்றிய பிந்திய சிக்கல் ஒன்று ஆராய்ச்சி முறையியல் நோக்கிலே தனிக்கவனத்துக்குரியது. 1952, 1953ஆம் ஆண்டுகளில் வெளியான கட்டுரைகள் சத்திரசிகிச்சை முடிந்து சில வாரங்களின் பின், நோயாளர் தேறிவரும் வேளையில், காய்ச்சலும் நெஞ்சுவலியும் தோன்றுவதையும், இதயத்தையும் சுவாசப்பையையும் சூழ்ந்த உறைகளில் நீர் சேர்வதையும் விவரித்தன. சிலருக்கு இது மாதங்கள் கழித்து மீண்டும் மீண்டும் தோன்றிற்று.

இதற்கு விளக்கம் ஒன்று கைவசமே இருந்தது. நோயாளர் யாவரும் வாதக் காய்ச்சலால் வால்வு பழுதுற்றவர்கள். எனவே உறங்கிக்கிடந்த வாதக் காய்ச்சலைச் சத்திரசிகிச்சை தட்டியெழுப்பிவிட்டது எனக் கருதப்பட்டது. சான்றுகளும் இதற்கு அரணாக நின்றன. சத்திரசிகிச்சையின்போது வெட்டியெடுக்கப்பட்ட சோணையறைப் புடைப்பின் துண்டுகளை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தபோது வாதக் காய்ச்சலுக்கே உரிய அஷொவ் முடிச்சுக்கள் பலரிடத்தும் காணப்பட்டன. வாதக் காய்ச்சலைத் தணிக்கும் சலிசிலேற்று மருந்துகள் இந்நோயையும் தணித்தன. காரணம், திசுச் சான்று, மருந்தின் பயன் ஆகிய மூன்றும் ஒரே திசையைச் சுட்டின. இதனினும் உறுதியான முடிபு வேறு எதுவாக இருத்தல் கூடும்?

எனினும் முடிபு தவறானது. வாதக் காய்ச்சலே இல்லாத நோயாளரிடத்தும் இதே நிலை தோன்றுகின்றதா என்னும் ஒப்பீட்டை அதுவரை எவரும் முறையாகச் செய்யவில்லை. 1956ஆம் ஆண்டளவில் நியூயோர்க்கைச் சேர்ந்த வில்லியம் டிரெஸ்லர், மாரடைப்புற்ற நோயாளரிடத்து இதனையொத்த காய்ச்சலையும் உறையழற்சியையும் விவரித்தார். 1958ஆம் ஆண்டில் இரொ, எங்கிள், கோல்ட்பேர்க் ஆகியோர், பிறவிக் குறைபாட்டுக்காக இதயச் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட, வாதக் காய்ச்சலே அறியாத பிள்ளைகளிடத்து அதே நோயைக் கண்டு வெளியிட்டனர். இதயவுறையைத் திறந்தமையே இவர்கள் யாவருக்கும் பொதுவான ஒரே நிகழ்ச்சியாகும். நோயின் பெயரும் 'இதயவுறைத் திறப்புக்குப் பிந்திய நோய்த்தொகுதி' என மாறிற்று. காயமுற்ற திசுவுக்கெதிராக உடலின் தற்காப்பு இயக்கம் கிளர்ந்தெழுவதே இதன் அடிப்படை என்பது இன்று பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும்.

அஷொவ் முடிச்சுக்கள் பொய்யல்ல. அவை நோயாளரின் பழைய நோயை உண்மையாகவே காட்டின. அவற்றைப் புதிய காய்ச்சலுக்குக் காரணமாக இணைத்ததே பிழை. சாசனமொன்று உண்மையானதாக இருப்பினும் அதனை எந்த நிகழ்ச்சிக்குச் சான்றாகக் கொள்வது என்பதிற் பிழை நேரலாம் என்பது வரலாற்று மாணவருக்குப் புதிய செய்தியன்று.

மீண்டும் ஒடுங்கும் வால்வு

1950களின் இறுதியில் வேறொரு சிக்கல் பரவலாகக் கவனத்துக்கு வந்தது. நான்கைந்து ஆண்டுகள் நலமாக இருந்தவர்கள் மீண்டும் மூச்சுத்திணறலோடு வைத்தியசாலைக்குத் திரும்பினர். வால்வு மீண்டும் ஒடுங்கிவிட்டது எனப்பட்டது. ஆயின் இச்சொல் இரு வேறு நிலைகளை உள்ளடக்கியிருந்தது. முதற் சத்திரசிகிச்சையிலே நன்றாகத் திறக்கப்பட்ட வால்வு காலப்போக்கில் மறுபடியும் ஒட்டுவது ஒன்று. முதலிலேயே போதியளவு திறக்கப்படாத வால்வின் குறை, தொடக்கக்கால மகிழ்ச்சி தணிந்தபின் வெளிப்படுவது மற்றையது. முன்னையது நோயின் இயல்பு. பின்னையது சத்திரசிகிச்சையின் குறை.

இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குச் சத்திரசிகிச்சை முடிந்தவுடன் வால்வு எவ்வளவு திறந்திருந்தது என்னும் பதிவு வேண்டும். தொடக்க ஆண்டுகளின் பதிவேடுகளில் அது சத்திரசிகிச்சையாளரின் விரல் உணர்ந்த மதிப்பீடாக மட்டுமே இருந்தது. இக்குறையை நீக்க உதவிய கருவி சுவீடனில் தோன்றியது. 1953ஆம் ஆண்டில் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்னும் வைத்தியரும் ஹெல்முத் ஹேட்ஸ் என்னும் பௌதிகவியலாளரும் கழியொலி அலைகளை நெஞ்சினூடாகச் செலுத்தி இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். சத்திரசிகிச்சைக்குத் தகுந்த இருகூர் வால்வு நோயாளரைத் தெரிவதே எட்லரின் உடனடித் தேவையாக இருந்தது. நெஞ்சைத் திறவாது வால்வைக் காணவும், ஆண்டுதோறும் அளந்து ஒப்பிடவும் இக்கருவி பின்னாளில் வழிசெய்தது.

இவ்விடத்திலே தென்னிந்தியாவின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பங்கு குறிப்பிடத்தக்கது. அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் றீவ் பெற்ஸ் 1949ஆம் ஆண்டில் அங்கு நெஞ்சறைச் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடக்கினார். மேலைநாடுகளில் வாதக் காய்ச்சல் அருகி வந்த காலத்தில் இந்தியாவில் அது இளவயதினரை வருத்திக்கொண்டிருந்தது. மேலைநாடுகளிற் பெரும்பாலும் நடுவயதினரிடத்துக் காணப்பட்ட கடும் ஒடுக்கம் இந்தியாவில் இருபது வயதுக்குட்பட்டவரிடத்தும் காணப்படுவதை ரோய் முதலியோர் 1963ஆம் ஆண்டில் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தனர். 1956 முதல் 1980 வரை வேலூரில் மூடிய முறையிலே சத்திரசிகிச்சை செய்யப்பட்ட 3724 நோயாளரைப் பற்றிய நீண்டகால அறிக்கையை ஸ்ரான்லி ஜோன் முதலியோர் 1983ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இவ்வறிக்கையின் முக்கியத்துவம் எண்ணிக்கையில் மட்டும் தங்கியதன்று. மேலைநாடுகள் மூடிய முறையைக் கைவிட்டுத் திறந்த இதயச் சத்திரசிகிச்சைக்கு மாறிவிட்ட காலத்தில், விலையுயர்ந்த பொறி எதுவுமின்றிச் செய்யப்படும் பழைய முறை, தக்க நோயாளரைத் தெரிந்து செய்யுமிடத்து, நீண்டகாலப் பயனுடையது என்பதை அது நிறுவிற்று. தொலைதூரக் கிராமங்களுக்குத் திரும்பிவிட்ட நோயாளரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து விசாரித்துப் பதிவு செய்வது எளிதான பணியன்று. சத்திரசிகிச்சைக் கூடத்தின் திறமைக்கு எவ்வகையிலும் குறையாத உழைப்பு அது.

மாற்றுவதா, திருத்துவதா?

1953ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் ஜோன் கிப்பன் பிலடெல்பியாவில் இதய-சுவாசப்பைப் பொறியின் துணையோடு வெற்றிகரமாகத் திறந்த இதயச் சத்திரசிகிச்சை செய்தார். 1957ஆம் ஆண்டில் வால்ரன் லில்லிஹை முதலியோர் இருகூர் வால்வின் பின்னொழுக்கைக் கண்ணாற் கண்டே திருத்தியமையை வெளியிட்டனர். விரலால் ஒருபோதும் தீர்க்கமுடியாதிருந்த பின்னொழுக்கு இப்பொழுது சத்திரசிகிச்சையின் எல்லைக்குள் வந்தது.

எனினும் அக்காலத்துத் திருத்தங்கள் பல நிலைக்கவில்லை. தையல்கள் அறுந்தன, பின்னொழுக்கு மீண்டது. இந்நிலையில் 1960ஆம் ஆண்டு செப்ரெம்பரில் போட்லண்ட் நகரில் அல்பேட் ஸ்ரார், ஓய்வுபெற்ற பொறியியலாளர் லோவல் எட்வேட்ஸ் ஆக்கிய செயற்கை வால்வைப் பொருத்தி வெற்றிகண்டார். உலோகக் கூட்டினுள் சிலிக்கோன் பந்து ஒன்று ஏறியிறங்கும் எளிய அமைப்பு அது. எந்தளவு பழுதுற்ற வால்வையும் அகற்றி இதனைப் பொருத்தலாம் என்பதாற் சத்திரசிகிச்சையாளர் பெரிதும் இதன்பால் ஈர்க்கப்பட்டனர். ஆயின் செயற்கைப் பொருளின் மேற் குருதி உறையும். உறைந்த கட்டி மூளையை அடைந்தால் பாரிசவாதம் உண்டாகும். அதனைத் தடுக்க உறைவெதிர் மருந்தை வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டும். மருந்து மிகுந்தாற் குருதிப்பெருக்கு, குறைந்தாற் குருதிக்கட்டி. அளவாகக் கொடுப்பதற்கு ஒழுங்கான குருதிச் சோதனை இன்றியமையாதது. கருவுற்ற பெண்களுக்கு வழங்கப்படும் உறைவெதிர் மருந்து கருவிலுள்ள சிசுவுக்குத் தீங்கு விளைப்பதாகவும் அமையலாம். ஒரு நோய் நீங்கிய இடத்தில் வேறொரு நோய் குடிபுகுந்ததெனலாம்.

இப்பிற்காலச் சிக்கல்களே வால்வைத் திருத்தும் முறைக்கு மறுவாழ்வளித்தன. பாரிசில் அலன் கார்ப்பந்தியே 1960களின் இறுதியில் வால்வு வளையத்தின் இயற்கை வடிவத்தை மீட்கும் செயற்கை வளையம் ஒன்றை ஆக்கினார். வெறுமனே வளையத்தைச் சுருக்கித் தைப்பதற்கும் அதன் வடிவத்தை மீட்பதற்கும் உள்ள வேறுபாட்டை வற்புறுத்தியமையே அவரது பங்களிப்பின் சாரமாகும். மடல்களின் அசைவு இயல்பானதா, மிகையானதா, குன்றியதா என மூவகைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஏற்ற திருத்தத்தை வகுத்தார். 1983ஆம் ஆண்டில் அமெரிக்கச் சத்திரசிகிச்சையாளர் முன்னிலையில் அவர் நிகழ்த்திய விரிவுரை 'பிரெஞ்சுத் திருத்தம்' என்னும் பெயரால் அறியப்பட்டுள்ளது. ஸ்ராரும் கார்ப்பந்தியேயும் 2007ஆம் ஆண்டில் லாஸ்கர் விருதை ஒருங்கே பெற்றமை, எதிரெதிராகத் தோன்றிய இரு மரபுகளும் ஒரே வரலாற்றின் இரு கிளைகள் என்பதை உணர்த்துகின்றது.

திருத்தமும் தனக்கேயுரிய பிற்காலச் சிக்கல்களைக் கொண்டிருந்தது. வளையம் சிறிதாயின் வால்வு ஒடுங்கியதுபோலாகும். மிகையான மடற்பகுதி முன்னோக்கித் தள்ளப்பட்டுக் குருதி வெளியேறும் வழியை அடைக்கலாம். வளையம் தையலிலிருந்து விடுபடலாம். சிறு இடைவெளியினூடாக விசையோடு பாயும் குருதி செயற்கை வளையத்தில் மோதிச் செங்குருதிக் கலங்கள் சிதைவுறலாம். திருத்திய வால்வைப் பற்றீரியாக்கள் தாக்கலாம். இதனாலேயே அமெரிக்க இதயச் சங்கம் 2007ஆம் ஆண்டில் பற்சிகிச்சைக்கு முன்னரான தடுப்பு மருந்தைப் பலருக்கு நிறுத்தியபோதும், செயற்கைப் பொருள் கொண்டு வால்வு திருத்தப்பட்டவர்களுக்கு அதனைத் தொடர விதித்தது.

கணக்கெடுக்கும் முறையின் வரலாறு

பிற்காலச் சிக்கல்களை அறிவதற்குச் சத்திரசிகிச்சைத் திறனோடு புள்ளிவிபரத் திறனும் தேவைப்பட்டது. பத்து ஆண்டுகளின் முன் சத்திரசிகிச்சை பெற்றவரும் சென்ற ஆண்டு பெற்றவரும் ஒரே பட்டியலில் இருக்கும்போது சராசரி காண்பது எவ்வாறு? தொடர்பற்றுப் போனவர்களை இறந்தவராகக் கொள்வதா, வாழ்பவராகக் கொள்வதா? 1958ஆம் ஆண்டில் எட்வேட் கப்லனும் போல் மையரும் வெளியிட்ட முறை, ஒவ்வொருவரையும் அவர் கண்காணிப்பில் இருந்த காலம் வரை மட்டும் கணக்கிற் சேர்ப்பதன் மூலம் இச்சிக்கலைத் தீர்த்தது.

எனினும் சொற்களுக்குப் பொதுவான வரையறை இருக்கவில்லை. ஒருவர் சிக்கல் எனக் கொண்டதை வேறொருவர் கணக்கிற் கொள்ளவில்லை. 1988ஆம் ஆண்டில் வட அமெரிக்க நெஞ்சறைச் சத்திரசிகிச்சைச் சங்கங்கள் வால்வுச் சத்திரசிகிச்சையின் பின்விளைவுகளை அறிக்கையிடுவதற்குப் பொது நெறிகளை வகுத்தன. வால்வின் அமைப்புச் சிதைவு, அமைப்புச் சாராத செயற்குறைபாடு, குருதிக்கட்டி, உறைவெதிர் மருந்தாலான குருதிப்பெருக்கு, வால்வுத் தொற்று என்பன தனித்தனியே வரையறுக்கப்பட்டன. முதலாவது வெற்றிகரமான வால்வுச் சத்திரசிகிச்சை நடந்து அறுபத்தைந்து ஆண்டுகளின் பின்னரே 'சிக்கல்' என்னும் சொல் இவ்வாறு நிலைபேறடைந்தது.

அதன் பின்னும் ஒரு குறை எஞ்சிற்று. பல அறிக்கைகள் மீண்டும் சத்திரசிகிச்சை தேவைப்படாதவர்களின் தொகையையே வெற்றியின் அளவுகோலாகக் கொண்டன. 2003ஆம் ஆண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த வில்லம் பிளமெங் முதலியோர், வால்வு தேய்வினாற் பின்னொழுக்குற்றுத் திருத்தம் பெற்றவர்களைக் கழியொலியால் தொடர்ந்து சோதித்து வெளியிட்ட ஆய்வு இவ்வளவுகோலை அசைத்தது. ஏழு ஆண்டுகளின் பின் கடும் பின்னொழுக்கு இல்லாதிருந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழ 71 பேர் மட்டுமே. மறுசத்திரசிகிச்சைக்கு வந்தவர்களோ இதனினும் மிகச் சிலர். திரும்பி வராதவர் யாவரும் நலமாக உள்ளனர் என்று கொள்வது, முறைப்பாடு வராத ஊரில் குற்றமே நிகழவில்லை என்று கொள்வது போன்றதே.

இருவேறு முதுமைகள்

திருத்தப்பட்ட வால்வு எவ்வளவு காலம் நிலைக்கும் என்னும் வினாவுக்கு ஒரே விடையில்லை. 2001ஆம் ஆண்டில் பாரிசிலிருந்து வெளியான இரு அறிக்கைகள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. வாதக் காய்ச்சல் சாராத பின்னொழுக்குக்குத் திருத்தம் பெற்றோரிற் பெரும்பான்மையோர் இருபது ஆண்டுகளின் பின்னும் மறுசத்திரசிகிச்சையின்றி இருந்தனர். வாதக் காய்ச்சலாற் பழுதுற்ற வால்வுகளிலோ இருபது ஆண்டில் ஏறத்தாழ 55 சதவீதத்தினரே அவ்வாறிருந்தனர். மடல்களில் நார்த்தன்மை தொடர்ந்து வளர்ந்தமையே முதன்மைக் காரணம். அதே நகரில், அதே மரபினர், அதே முறையாற் செய்த திருத்தம், நோயின் மூலத்துக்கேற்ப வேறுபட்ட முடிவைக் கண்டது. முதுமையின் நோய் திருத்தத்துக்கு இணங்குகின்றது; வறுமையின் நோய் திருத்தத்தின் பின்னும் தொடர்கின்றது.

அதனைத் தடுக்கும் வழி புதியதன்று. தொண்டைத் தொற்றைப் பெனிசிலினால் உரிய காலத்திற் குணப்படுத்தினால் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்பதை சார்ள்ஸ் றமெல்கம்ப் முதலியோர் வயோமிங் மாநில இராணுவத் தளமொன்றில் நடத்திய ஆராய்ச்சியால் 1950ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர். ஒருமுறை வாதக் காய்ச்சலுற்றவர் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கொருமுறை பென்சதீன் பெனிசிலின் ஊசியை ஆண்டுக்கணக்காகப் பெற்றுவரின் நோய் மீளாது தடுக்கலாம். ஊசி நின்றுவிடின், எத்துணைத் திறமையாகத் திருத்தப்பட்ட வால்வும் புதிய தாக்குதலுக்கு ஆளாகும். எனவே பிற்காலச் சிக்கல்களில் ஒரு பகுதி சத்திரசிகிச்சைக் கூடத்தில் அன்றி, கிராமத்து மருந்தகத்திலும், பேருந்துக் கட்டணத்திலும், ஒரு நாட் கூலியை இழக்கமுடியாத தாயின் முடிவிலுமே தீர்மானிக்கப்படுகின்றது. உலக சுகாதாரப் பேரவை வாதக் காய்ச்சலையும் வாத இதயநோயையும் பற்றித் தனித் தீர்மானம் நிறைவேற்றியது 2018ஆம் ஆண்டிலாகும். இடைப்பட்ட அறுபத்தெட்டு ஆண்டுகளும் மருத்துவ வரலாற்றின் பகுதியே.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, கற்லரின் கணக்கு நாட்களால் அளக்கப்பட்டது. பெய்லியின் தலைமுறையினர் மாதங்களால் அளந்தனர். கார்ப்பந்தியேயின் மாணவர் பத்தாண்டுகளால் அளந்தனர். அளவுகோல் நீண்டபோதெல்லாம் முன்னைய வெற்றி சுருங்கிற்று; அச்சுருக்கத்திலிருந்தே புதிய முறை பிறந்தது. 1982ஆம் ஆண்டில் யப்பானியச் சத்திரசிகிச்சை நிபுணர் கஞ்சி இனூவே, நெஞ்சைத் திறவாது நாளத்தினூடாகச் செலுத்திய பலூனால் ஒடுங்கிய வால்வை விரித்தமையும், அதன்பின் நாளவழியே மடல்களைக் கவ்வியால் இணைக்கும் முறை தோன்றியமையும் இத்தொடரின் பிந்திய கண்ணிகளாகும். அவற்றுக்கும் பத்தாண்டு, இருபதாண்டுக் கணக்குக் கேட்கப்படும்.

மருத்துவத்துறைக்கு வெளியே நிற்பவருக்கும் இவ்வரலாறு ஒரு பாடத்தைத் தருகின்றது. அபிவிருத்தித் திட்டமாயினும் சட்டமாயினும் கல்விச் சீர்திருத்தமாயினும் திறப்பு விழா நாளிலே வெற்றி பறைசாற்றப்படுவது வழக்கம். இருபது ஆண்டுகளின் பின் அதனால் வாழ்ந்தவர் யார், மீண்டும் நோயுற்றவர் யார், கணக்கிலேயே சேராது போனவர் யார் எனத் தேடிச் செல்வோர் மிகச் சிலர். வேலூரின் பதிவேடுகளைப் பேணிய பெயரறியப்படாத எழுதுவினைஞர்களும், முகவரி தேடிக் கடிதம் எழுதியவர்களும் அச்சிலரைச் சேர்ந்தவர்கள். சத்திரசிகிச்சையாளரின் கத்தி நோயாளரின் உயிரைக் காத்தது. அவர்களின் பேனா அக்காத்தலின் உண்மையைக் காத்தது.